ராமராஜனின் வயிற்றில் பேசியவர்கள்

ராமராஜனின் வயிற்றிலிருந்து ஓர் ஆண் குரல் முதன்முதலாகப் பேசியது 2014ஆம் ஆண்டு, ஆவணி மாதத்து இரண்டாவது முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், காலை பதினொன்றேகால் மணிக்கு. அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு பட்டுச் சேலைக் கடையில் விற்பனையாளனாக இருந்தான். வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சித்தூரிலிருந்து வந்திருந்த கல்யாண வீட்டாருக்குப் பதினேழாவது சேலையை விரித்துக்கொண்டிருந்தபோது, “டேய், எழுந்து நில்லுடா” என்றது குரல். வெற்றிலை போட்டுக் கரகரத்துப்போன, ஐம்பது வயதுக்காரரின் குரல். பெண்ணின் தாய்மாமன் தன்னைத்தான் யாரோ அதட்டுகிறார்கள் என்று முதலாளியிடம் சண்டைக்குப் போனார். முதலாளி மாடிப்படிக்குக் கீழேயும் சேலை அடுக்கும் அறையிலும் ஆள் விட்டுத் தேடினார். ராமராஜன் மட்டும் எழுந்து நின்றான். கடை சாத்தும்வரை நின்றான். செவிலிமேடு பஸ்ஸில் காலி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றான். வீட்டுக்கு வந்து மூன்று நாள், கால் இரண்டும் தூண் போல வீங்கும்வரை நின்றான்.

இப்படிப்பட்ட குரல்கள் ஊரில் பலருக்குக் கேட்டிருக்கின்றன. அவை கேட்டவர்களுக்கு மட்டும் கேட்டவை. ராமராஜனுடையது பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. மூன்று முழத் தூரத்துக்குள் இருந்தால் தெளிவாகவும், ஜன்னலுக்கு வெளியே இருந்தால் ரேடியோ பேசுவது போலவும் கேட்டது. எதிர்வீட்டுத் தணிகாசலம், ஓய்வுபெற்ற தபால்காரர், அந்த மாதமே அதற்குப் பழகிவிட்டார். சிலிண்டர் போட வருகிறவர்கள் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். சபையிலிருந்து போதகர் வந்து வயிற்றில் கை வைத்து ஜெபித்தார். ராமராஜனின் தாய்வழி உறவினர் ஒருவர் முசரவாக்கத்திலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டிவந்து வேப்பிலை அடித்தார். குரல் இரண்டு பேரையும் எழுந்து நிற்கச் சொன்னது. இரண்டு பேரும் நின்றார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு அவனுக்கு டைபாய்டு வந்திருந்தது. இருபத்தொரு நாள் ஊசியும் மாத்திரையுமாகப் படுத்திருந்து எழுந்தவனுக்கு வயிறு சரியாகவே இல்லை. தின்றது எதுவும் தங்கவில்லை. வயிற்றில் இருந்த நல்லது கெட்டது எல்லாம் மருந்தில் செத்து, அடியில் எதுவோ ஒன்று மட்டும் தப்பிக் கிடந்து வளர்ந்துவிட்டது என்று பின்னாளில் அவனுடைய தங்கை பிரவீனா சொல்வாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. லேப் டெக்னீஷியன் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தாள்.

குரல் சொன்னதிலேயே மோசமானது நிற்கச் சொன்னது அல்ல. சாப்பாட்டுத் தட்டின் முன் அவன் உட்காரும்போது, முதல் கவளத்துக்கோ இரண்டாவது கவளத்துக்கோ, “போதும், எழுந்திரு” என்று சொல்லும். அவன் எழுந்துவிடுவான். அம்மா அன்னம்மாள் பின்னாலேயே தட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றபடியே ஊட்டப் பார்ப்பாள். “அதுல இன்னாத்தையோ கலந்துகீறாங்கடா” என்று குரல் சொல்லும். பெற்ற தாயின் முகத்தைப் பார்த்து, கலந்திருப்பாளோ என்று அவன் யோசிப்பதை அன்னம்மாள் பார்த்திருக்கிறாள். அடுத்த ஆண்டு தை மாதத்தில் அவன் எடை முப்பத்தொன்பது கிலோ.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் டாக்டர் ஏலவார்குழலி அவனைப் பார்த்தார். குரல் அவரையும் எழுந்து நிற்கச் சொன்னது. அவர் உட்கார்ந்தபடியே, எத்தனை நாளாக, எந்த நேரத்தில், என்னென்ன சொல்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். வெளியே கேட்பதைப் பற்றி, “எனக்கும் கேக்குது. ஆனா உங்களுக்குக் கேக்கறதுதான் முக்கியம்” என்று மட்டும் ராமராஜனிடம் சொன்னார். அவர் கொடுத்த மாத்திரையில் குரல் அடங்கி முணுமுணுப்பானது. அவன் உட்கார்ந்தான், தூங்கினான், பாதி வயிறு சாப்பிட்டான், எடை நாற்பத்தாறுக்கு ஏறியது. அதற்குமேல் ஏறவில்லை. குடலில் புண் வந்து, நாளுக்கு எட்டுத் தடவை வெளியே போக ஆரம்பித்தான். கடை வேலை போய்விட்டது. இப்படி ஏழு வருடம் போனது.

ஏழு வருடத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த வீட்டுக்குள் அது அப்படிப் போகவில்லை. அப்பா சாமுவேல் 2009லேயே இறந்துபோயிருந்தார். செவிலிமேட்டில் தண்ணீர் டேங்க் ஆபரேட்டராக இருந்தவர். காலை ஐந்தரைக்கும் மாலை நாலரைக்கும் வால்வு திறந்துவிடுவதும் மூடுவதும் அவர் வேலை. அவர் போனபிறகு அன்னம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையலுக்குப் போனாள். பிரவீனா படிப்பை முடித்து, மூங்கில் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். இரத்தம், சிறுநீர், மலம் என்று நாளெல்லாம் அடுத்தவர் உடம்பிலிருந்து வந்ததையே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அண்ணன் அழுக்கு லுங்கியோடு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருப்பான். 2018இல் ஒருநாள் மதியம், அவன் நான்காவது தடவையாகத் தட்டைத் தள்ளிவிட்டபோது, “நீ செத்துத் தொலைய மாட்டியாண்ணா” என்று சொல்லிவிட்டாள். அன்று முழுக்க வயிறு பேசாமலே இருந்தது. அது அவளுக்கு இன்னும் வலித்தது.

2021இல் குடல்புண்ணுக்காக அவனுடைய மலத்தைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டில் பிரவீனாவே ஒரு துளி தடவி, மூடி, சூட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். மூன்றாம் நாள் காலை பெட்டியைத் திறந்தபோது தட்டுக்குள்ளிருந்து, “எழுந்து நில்லுடா” என்றது. ரிப்போர்ட் டைப் செய்துகொண்டிருந்த தீபிகா சட்டென்று எழுந்து நின்றாள். இரத்தம் கொடுக்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒருவர், கையில் ஊசியோடு எழுந்து நின்றார். பிரவீனா தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில், ஓரம் சுருங்கிய சின்னச் சின்னப் புள்ளிகள், உளுந்தில் பாதி அளவு. காதருகே கொண்டுபோனாள். ஏழு வருடமாக வீட்டில் கேட்ட அதே கரகரப்பு. அண்ணனின் தலையில் இல்லை, அது அங்கே இல்லவே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் ஏலவார்குழலி தட்டின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு நிமிடம் கேட்டார். குடலில் வாழ்கிற கிருமிகளுக்கும் மனதுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று உலகத்தில் நாலைந்து இடத்தில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், நோயாளியின் குடல் கிருமியை எலிக்குக் கொடுத்தால் எலி நிலைகொள்ளாமல் அலைகிறது என்றுகூட எழுதியிருக்கிறார்கள், ஆனால் மனிதனுக்கு இதுதான் வைத்தியம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை என்றார். “நான் எந்த வாக்கும் குடுக்க மாட்டேன்மா. மாத்திரைய நிறுத்தவும் விடமாட்டேன். ஆனா குடல்புண்ணுக்கு ஒரு வைத்தியம் இருக்குது. நல்லா இருக்கறவங்க மலத்தை எடுத்துச் சுத்தம் பண்ணி, இவர் குடல்ல வெப்பாங்க. சென்னையில பண்றாங்க. புண் ஆறினாலே நமக்கு லாபம்.”

நெருங்கிய உறவில் ஆரோக்கியமாக ஒருவர் வேண்டும் என்றார்கள். அன்று சாயந்திரம் பிரவீனா இதை வீட்டில் சொன்னபோது, அன்னம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“என்னுது வேணாம்” என்றாள்.

“ஏம்மா, ஒனக்குதான் சுகர்கூட இல்லியே.”

“அந்தக் கொரல எனக்குத் தெரியும் பிரவி. மொத நாள்லேருந்தே தெரியும்.”

பிறகு அவள் சொன்னது இது. அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது முசரவாக்கத்தில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு பெரிய பண்ணையில் கூலிக்கு இருந்தார்கள். நிலம் ஒருவருடையது, மேற்பார்க்கிறவர் இன்னொருவர். மத்தியானம் வரப்போரம் உட்கார்ந்து கூழ் குடிக்கும்போது, மேற்பார்க்கிறவர் வந்து நின்று, பாதிக் கூழிலேயே, “போதும், எழுந்திரு” என்பார். அவர் வருகிறபோது யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒருநாள் அப்பாவுக்குக் காய்ச்சல். எழுந்திருக்கத் தாமதமானது. அவர் சட்டியைக் காலால் தட்டிவிட்டார். சிந்தின கூழை ஒன்பது வயது அன்னம்மாள் யாருக்கும் தெரியாமல் மண்ணோடு அள்ளிக் குடித்தாள். “அன்னிக்கி அவர் கொரலும் உள்ள போய்டுச்சுன்னு நினைக்கிறேன். அவரு செத்து முப்பத்தெட்டு வருசம் ஆவுது. என் வயித்துல பேசாம கெடந்துக்கினு இருந்துருக்குது. இவன முசரவாக்கத்துல வீட்டுலியே பெத்தேன், ரெண்டர வருசம் பால் குடுத்தேன். அதோட அதையும் சேத்துக் குடுத்துட்டேன்.”

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று பிரவீனா கேட்டாள். பேரைச் சொன்னால் நிலைத்துவிடும் என்று பயந்ததாக அன்னம்மாள் சொன்னாள். உள்ளே படுத்திருந்த ராமராஜன் எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். “எழுந்திருடா” என்று வயிறு முனகியது. அவன் உடனே எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தான்.

பிரவீனா வேறு மாதிரி பிறந்தவள். குடும்பம் செவிலிமேட்டுக்கு வந்த மறு வருடம், 1995 ஆனியில், டவுனில் ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. அன்னம்மாளுக்குப் பிரசவ ஜுரம் கண்டு ஒரு மாதம் நினைவே இல்லை, பால் வற்றிவிட்டது. பவுடர் பாலில்தான் வளர்ந்தாள். மகளுக்கு ஒருவாய்ப் பால் கொடுக்கவில்லையே என்று அன்னம்மாள் இருபத்தாறு வருடம் வருந்தியிருக்கிறாள். பிரவீனாவின் வயிற்றில் இருந்ததெல்லாம் அவளாகத் தேடிச் சேர்த்தவை: பாலாற்று மணல், பள்ளிக்கூட வாசல் குச்சி ஐஸ், தணிகாசலம் வீட்டு ஆடிக் கூழ், கிறிஸ்துமஸ் பிரியாணி, அப்பா திறந்துவிட்ட டேங்க் தண்ணீர்.

“அப்ப என்னுத எடுத்துக்கோண்ணா” என்றாள் பிரவீனா.

ராமராஜன் ஏழு வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தான். “ஒன்னோடதா? அய்ய.”

“வாங்கிக்கினு பேசாம இரு.”

2022 மாசி மாதம் சென்னையில் அது நடந்தது. முக்கால் மணி நேரம். கூச்சத்தைத் தவிர வேறு வலி இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ராமராஜன் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வந்தான். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை வயிறு எதுவும் சொல்லாததை அவனும் பிரவீனாவும் கவனித்தார்கள். மறுநாளும் சொல்லவில்லை. வாரம் போனது. அன்னம்மாள் வைத்த சாம்பாருக்கு அவன் இரண்டாம் முறை சோறு கேட்டபோது, அவள் கரண்டியோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் கழித்து வந்தாள்.

லேபில் அந்தத் தட்டு இன்னும் இருந்தது. அதை அழிக்கும் முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அன்னம்மாள் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆராதனை முடிந்து, அதே வெள்ளைச் சேலையோடு மகளுடன் லேபுக்குப் போனாள். பிரவீனா தட்டை மேஜையில் வைத்தாள். அன்னம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன் உட்கார்ந்தாள். தட்டு, “எழுந்து நில்லு” என்றது. ஐம்பத்தாறு வயது உடம்பு தானாகவே எழும்பப் பார்த்தது என்றும், நாற்காலியின் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டேன் என்றும் அவள் பின்னால் சொன்னாள். தட்டு மறுபடி சொன்னது, மூன்றாம் முறை அதட்டியது.

“நான் உக்காந்துக்கினுதான் இருப்பேன்” என்றாள் அன்னம்மாள். “எங்கப்பாவுக்கு அன்னிக்கி ஜுரம்.”

அவள் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தட்டு சொல்லிச் சொல்லி ஓய்ந்தது. பிறகு பிரவீனா அதை மற்றக் கழிவுகளோடு ஆட்டோகிளேவில் வைத்து, நூற்று இருபத்தொரு டிகிரியில் பதினைந்து நிமிடம் வேகவைத்தாள். அது அந்த லேபில் வாரத்தில் மூன்று நாள் நடக்கிற வேலை.

சிகிச்சை முடிந்த நாற்பத்து மூன்றாம் நாள் காலை, ராமராஜன் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தபோது வயிறு மறுபடி பேசியது. “அண்ணா, இரு, நானும் வரேன்.” அவன் சீப்பைக் கீழே போட்டுவிட்டான். அன்னம்மாள் ஓடிவந்தாள். “அண்ணா, செருப்பு போட்டுக்கினு வரேன், இருண்ணா” என்றது. பெண் குழந்தையின் குரல். முன்பல் விழுந்து ‘செ’ சரியாக வரவில்லை. அது யார் என்று அன்னம்மாளுக்கு உடனே தெரிந்துவிட்டது. முன்பல் விழுந்தபோது பிரவீனாவுக்கு ஏழு வயது நிறையப்போகிற சமயம். பிரவீனா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயதில், கைப்பையைத் தோளில் மாட்டியபடி, அண்ணனின் வயிற்றுக்குள்ளிருந்து தான் பேசுவதைக் கேட்டு நின்றாள். அந்தக் குரலில் அண்ணன் மேல் இருந்த பிரியத்தை அவள் எங்கோ தொலைத்திருந்தாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.

அந்தக் குழந்தை நினைவுகளைச் சொல்லவில்லை. அது அங்கே நாள்தோறும் வாழ்ந்துகொண்டிருந்தது. இங்கே 2022 நடந்தால் அதற்கு 2002. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும், மாலையில் வரும், கோகோ ஆட்டத்தில் யார் ஏமாற்றினார்கள் என்று சொல்லும். நாலரை மணிக்கு, “அப்பா வந்துட்டாரு, தண்ணி வந்துடுச்சு” என்று கத்தும். அப்பாவிடம் ஏதாவது கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிறுத்தும். அந்த இடைவெளியில் சாமுவேல் பேசியது வெளியே கேட்காது. ஆனால் அன்னம்மாளுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். சத்துணவு வேலை முடித்துவிட்டு, முறத்தில் கீரையை வைத்துக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாலரை மணிக்காகக் காத்திருப்பாள். வைகாசியில் குழந்தை கருட சேவை பார்க்க அப்பாவின் தோளில் உட்கார்ந்து போனது. குடை தெரிகிறது, பெருமாள் தெரிகிறார், ரோஸ் மில்க் வேண்டும் என்றது. கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் அது கத்தியதை எதிர்வீட்டில்கூடக் கேட்டார்கள். ஒரு ஐப்பசியில், “மழை, மழை” என்று அது கத்தியதும் தணிகாசலம் வீட்டில் கொடியில் கிடந்த துணியையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அது 2003இன் மழை. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திட்டிக்கொண்டே மறுபடி காயப்போட்டார்கள்.

மாதா மாதம் டாக்டரிடம் போவது தொடர்ந்தது. குழந்தை ஏதாவது செய்யச் சொல்கிறதா என்று கேட்டார் ஏலவார்குழலி.

“சைக்கிள்ல முன்னாடி உக்கார வெக்கச் சொல்லுது” என்றான் ராமராஜன்.

“பயமா இருக்குதா?”

“இல்ல டாக்டர். அப்பல்லாம் அத வுட்டுட்டு ஓடிப்போயிடுவேன். இப்ப நின்னு கூட்டிக்கினு போறேன்.”

மருந்தின் அளவைக் கூட்டினால் இதுவும் நின்றுவிடலாம், வேண்டுமா என்று அவர் கேட்டார். அவன் வேண்டாம் என்றான். அவர் நோட்டில், ‘குரல் ஒன்று, வயது ஏழு, தொந்தரவு இல்லை, மாத்திரை தொடரவும்’ என்று எழுதினார். அடுத்த வருடம் ஏழு என்பதை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார்.

ராமராஜன் இப்போது அறுபத்து மூன்று கிலோ. புண் ஆறிவிட்டது. வேறொரு பட்டுக் கடையில் மெத்தையில் உட்கார்ந்து சேலை விரிக்கிறான். குழந்தைக் குரல் கேட்டு, பாப்பா எங்கே என்று தேடுகிற வாடிக்கையாளர்களிடம், என் தங்கச்சி, பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள் என்கிறான். சில சமயம் அது சேலையின் நிறத்தைச் சொல்லும், அதற்குத் தெரிகிறது போலும், இல்லை வேறு எதையோ பார்த்துச் சொல்கிறது. கிளிப்பச்சை என்றால் பெரும்பாலும் அந்தச் சேலை விற்றுவிடுகிறது. பிரவீனாவுக்குப் போன வருடம் திருமணமாகி ஏனாத்தூரில் இருக்கிறாள். சாயந்திரம் போன் செய்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, அன்றைக்குத் தான் என்ன செய்தேன் என்று கேட்டுக்கொள்கிறாள்.

இந்த ஆனியில் அதற்குப் பத்து வயது முடிந்தது. ஆறாம் வகுப்புக்குப் போகிறது. கணக்கு வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ராமராஜன் வயிற்றைத் தடவிக்கொண்டே பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறான். பதிமூன்று ஏழு தொண்ணூற்றொன்று என்பதில் அது ஒவ்வொரு நாளும் தடுமாறுகிறது. அதன் பதினான்காம் வயதில், ஒரு வியாழக்கிழமை மதியம், வகுப்பில் இருக்கும்போது வாட்ச்மேன் வந்து அதைக் கூப்பிடுவார், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. குடும்பத்தில் மூன்று பேருக்கும் அது தெரியும். அன்னம்மாள் அதற்குள் கால்வலிக்கு வைத்தியம் பார்த்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்கிறாள். அந்த வாரம் லீவு வேண்டும் என்று ராமராஜன் முதலாளியிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். போன தடவை, 2009இல், அந்தப் பிள்ளை பஸ் ஸ்டாண்டிலிருந்து தனியாக நடந்து வந்தது.